பெரியவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் அப்படித்தான் ஆகிவிடுவார்களா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். மகன் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி நூலகத்தில் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலை எடுத்துப் படித்திருக்கிறான். காலாண்டு விடுமுறைக்குச் சேலம் இறங்கி வந்தவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டில் கை வைத்தபடியே, “ஏம்ப்பா, பெரியவங்க யாருமே இல்லைன்னா எல்லாப் பசங்களும் இப்படித்தான் ஆயிருவாங்களா?” என்று கேட்டிருக்கிறான். நீங்கள் “அதெல்லாம் கதைடா” என்று சமாளித்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் இங்கே வந்து மூன்று கேள்வி போட்டிருக்கிறீர்கள்: இது உண்மையா, எழுத்தாளர்கள் ஏன் பச்சைப் பிள்ளைகளை வைத்து இப்படி எழுதுகிறார்கள், இதையெல்லாம் படிக்க விடலாமா. இந்த மூன்றுக்கும் அடியில் நாலாவதாக ஒன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது, அதை நீங்கள் எழுதவில்லை. என் பையன் இருக்கிற விடுதியில் விளக்கு அணைந்த பிறகு என்ன நடக்கிறது? அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் சேர்வராயன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் 27 வருஷம் ஆங்கிலம் நடத்தியவன், கடைசி 11 வருஷம் வார்டன் வேலையும் சேர்த்து. பள்ளியின் பெயர் வேண்டாம். கீழே சொல்லப்போகிற ஒரு சம்பவம் அதற்குப் பெருமை சேர்க்காது, எனக்கும் சேர்க்காது. இப்போது அஸ்தம்பட்டியில் ஓய்வாக இருக்கிறேன். இந்த நாவலைக் குறைந்தது 15 தடவையாவது வகுப்பில் நடத்தியிருப்பேன். மனநல மருத்துவம் படித்தவன் கிடையாது, அதனால் பையன் தொடர்ந்து தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால் பழியை ஒரு புத்தகத்தின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கதையும் விடுதியும்தான் எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு அணுகுண்டுப் போரின் நடுவே இங்கிலாந்துப் பையன்களை ஏற்றிக்கொண்டு பறந்த விமானம் ஆளில்லாத தீவில் விழுகிறது. பெரியவர்கள் யாரும் மிஞ்சவில்லை, மிஞ்சியவர்கள் 6 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பையன்கள். ரால்ஃப் என்பவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசலாம் என்று சட்டம் போடுகிறார்கள், கப்பல்காரர்களுக்குத் தெரிகிற மாதிரி மலை உச்சியில் நெருப்பு மூட்டுகிறார்கள். ஜாக் என்பவனுக்குப் பன்றி வேட்டையில் ருசி தட்டிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் அவன் பக்கம் சாய்கிறார்கள். சைமன், பிக்கி என்ற இரண்டு பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள். கடைசியில் ரால்ஃபையும் வேட்டையாடத் துரத்தும்போது கடற்படை அதிகாரி ஒருவர் கரையில் வந்து நிற்கிறார்.

இதை எழுதிய வில்லியம் கோல்டிங் நம்மை மாதிரி ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சாலிஸ்பரியில். இடையில் இரண்டாம் உலகப் போருக்காகக் கடற்படைக்குப் போனார். 1944இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது ராக்கெட் ஏவும் படகு ஒன்றின் பொறுப்பு அவருடையது. திரும்பி வந்து மறுபடி அதே பையன்கள், அதே கரும்பலகை. நாவலைப் பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1954இல்தான் அது வெளிவந்தது, 1983இல் அவருக்கு நோபல் பரிசு. ஏன் பிள்ளைகளை வைத்து எழுதினார் என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது: பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பதைக் கடலில் பார்த்துவிட்டு வந்து, அதையே வகுப்பறை அளவுக்குச் சுருக்கிப் பார்த்திருக்கிறார். மீதிப் பாதி, அவர் ஒரு பழைய கதைக்குப் பதில் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் பாலன்டைன் என்பவர் எழுதிய ‘கோரல் ஐலண்ட்’ என்ற சிறுவர் நாவலில் மூன்று ஆங்கிலேயப் பையன்கள் தீவில் மாட்டிக்கொண்டு படு சமர்த்தாக இருப்பார்கள். கெட்டதெல்லாம் வெளியிலிருந்து வரும், கடற்கொள்ளையராகவும் நரமாமிசம் தின்பவராகவும். அந்தப் பையன்களில் இருவர் பெயர் ரால்ஃப், ஜாக். கோல்டிங் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் உள்ளே நகர்த்திவிட்டார். சமூகத்தின் கோளாறுகளை மனித சுபாவத்தின் கோளாறுகளில் தேடுவதுதான் தன் நோக்கம் என்று அவரே சொன்னார். அதில் எனக்குப் பாதி சம்மதம்தான், காரணம் பின்னால் வருகிறது.

இந்த நாவலை எல்லோரும் முகத்தில் சாயம் பூசிய பையன்கள், பன்றித்தலை, ரத்தம் என்று ஞாபகம் வைத்திருப்பார்கள். வார்டன் கண்ணுக்கு முதலில் படுவது வேறு. நாங்கள் ராத்திரி 9 மணிக்கு ஒருமுறை, விளக்கணைத்தபின் ஒருமுறை தலை எண்ணுவோம். அந்தத் தீவில் அதை யாரும் செய்யவில்லை. பிக்கி ஆரம்பத்திலேயே சொல்கிறான், எல்லார் பெயரையும் எழுதி வைக்கணும் என்று. குண்டன், ஆஸ்துமாக்காரன், பேச்சில் வசதியில்லாத வீட்டு வாடை அடிக்கிறவன். அவன் சொன்னால் யார் கேட்பது. முதல் நாள் மூட்டிய நெருப்பு கைமீறிக் காட்டில் பரவுகிறது. முகத்தில் கருஞ்சிவப்பு மச்சத்தோடு ஒரு சின்னப் பையன் அதற்குமுன் எழுந்து பேசியிருப்பான். நெருப்புக்குப் பிறகு அவனைக் காணோம். அவ்வளவுதான் அவன் கதை, பெயர்கூடக் கிடையாது. தீவின் முதல் சாவு இது. அப்போது ஒருவனும் காட்டுமிராண்டி ஆகவில்லை, சங்கு இருக்கிறது, தேர்தல் நடந்து முடிந்திருக்கிறது, நல்லவன் ரால்ஃப்தான் தலைவன். எத்தனை பேர் இருந்தார்கள் என்றே தெரியாததால் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதும் தெரியவில்லை. வெறி வருவதற்கு முன்னாலேயே அசட்டை வந்துவிட்டது. வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு வயிறு ஒருமாதிரி ஆகும்.

(போகிற போக்கில் ஒன்று. பிக்கியின் மூக்குக்கண்ணாடியை வைத்துத்தான் நெருப்பு மூட்டுவார்கள். ஆனால் அவனுக்குக் கிட்டப்பார்வை. கிட்டப்பார்வைக்குப் போடுவது குழிலென்ஸ், அது வெயிலைக் குவிக்காது, சிதறடிக்கும். வருஷா வருஷம் இயற்பியல் நன்றாகப் படிக்கிற ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரிப்பான். நாவலாசிரியர் தப்புப் பண்ணிவிட்டார், சரி. உங்கள் பையனும் கண்டுபிடித்திருந்தால் அவனுக்கு என் சபாஷ்.)

அடுத்து ரோஜர் என்ற பையன் வருகிற ஓர் இடம். கடற்கரையில் ஹென்றி என்ற சின்னப் பயல் தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறான். ரோஜர் மரத்துக்குப் பின்னால் நின்று அவன்மேல் கல் எறிகிறான், ஆனால் படாத மாதிரி. ஹென்றியைச் சுற்றி சுமார் 6 கஜ வட்டம் ஒன்று, அதற்குள் எறிய அவனுக்குத் தைரியம் வரவில்லை. அப்பா அம்மா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து அந்த வட்டத்தைப் போட்டிருக்கின்றன என்கிறார் கோல்டிங். அவர்கள் யாரும் அங்கே இல்லை, இருந்தும் கை தானாகத் தள்ளி எறிகிறது. இதே ரோஜர்தான் பின்னால் பாறையை நெம்பிப் பிக்கியின் மேல் தள்ளுகிறவன். இந்தக் கற்களைப் படித்தால் எனக்கு உடனே கண்ணகி ஞாபகம் வரும். மதுரையையே எரிக்கச் சொல்லும் ஆத்திரத்தின் உச்சியில் அவள் தீக்கடவுளிடம் ஒரு பட்டியல் கொடுக்கிறாள் பாருங்கள்: ‘பார்ப்பார் அறவோர் பசுப்பத்தினிப் பெண்டிர் மூத்தோர் குழவி எனுமிவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க’. பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இன்றைக்குச் சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனாலும் வெறிக்குள்ளும் ஒரு வட்டம் இருந்தது, அதில் குழந்தை இருந்தது. ரோஜரின் வட்டம் நாளுக்கு நாள் சுருங்குகிறது. இந்த வகைக் கதைகளின் நிஜமான திகில் அந்தச் சுருக்கத்தில் இருக்கிறது என்பேன், கொலை வெறும் கணக்கு முடிப்பு.

சரி, சுருங்குவது எதனால்? பையன் கெட்டவனாகப் பிறந்ததாலா? கோல்டிங் இங்கே காட்டுவது ரொம்பச் சாதாரணமான ஒன்று. ஜாக் முதல் முறை பன்றிக்குட்டியின் முன்னால் கத்தியை ஓங்கிவிட்டு, இறக்க முடியாமல் நிற்கிறான். உயிருள்ள சதையில் கத்தி இறங்குவதை நினைத்தால் அவனுக்கே தாங்கவில்லை. பிறகொரு நாள் களிமண்ணும் கரியும் முகத்தில் பூசிக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் தன்னைப் பார்க்கிறான். யாரோ ஒரு அந்நியன் தெரிகிறான். அவனுக்குப் பயம் வரவில்லை, சிரிப்பு வருகிறது, ஆடுகிறான். அந்த முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் வெட்கம் போய்விடுகிறது. காட்டுத்தனத்தின் இழுப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அதன் முதல் சுகம் இதுதான்: கொஞ்ச நேரத்துக்கு நான் நானாக இருக்க வேண்டாம் என்கிற விடுதலை.

இப்போது நான் சொன்ன சம்பவம். ஐப்பசி மழை, மலை முழுக்க மூடுபனி, எங்கேயோ சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பிமேல் விழுந்து கரன்ட் போய்விட்டது. எட்டாம் வகுப்பு டார்மில், அதாவது பையன்கள் சேர்ந்து படுக்கிற கூடத்தில், ஒருவனுக்குப் பிறந்தநாள். ‘பம்ப்ஸ்’ தெரியுமல்லவா? நாலு பேர் பையனின் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொள்ள, மற்றவர்கள் வயசுக்கு ஒன்று என்ற கணக்கில் பின்புறத்தில் உதைப்பார்கள். தடை போட்டிருந்தோம். தடை போட்டால் நின்றுவிடுமா. நான் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறியிருப்பேன், எண்ணுகிற சத்தம் கேட்டது. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. பையனுக்கு வயசு 13, அங்கே நிற்க வேண்டும். ஒரு நொடி நின்றது. யாரோ, “அடுத்த வருசத்துக்கு அட்வான்ஸ்டா” என்றான். சிரிப்பு. பதினாலு. அதன் பிறகு நிற்கவில்லை. நாற்பது குரல் ஒரே குரலாக, ஒவ்வொரு எண்ணுக்கும் பலகைத் தரையில் ஒரு மிதி, கட்டடமே அதிர்கிறது. உடனே ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன் என்று எழுத ஆசைதான். நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை. நம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பம்பைக்காரர்கள் உச்சத்துக்குப் போகும்போது, சாமி கும்பிடாதவனுக்கும் கால் தானாகத் தாளம் போடுமே, அந்த மாதிரி என் செருப்பு படியில் தட்டிக்கொண்டிருந்தது. அது என் காதில் விழுந்த பிறகுதான் ஓடினேன்.

டார்ச் வெளிச்சம் விழுந்ததும் நாற்பது பேரும் தனித்தனிப் பையன்களாகிவிட்டார்கள். ஒருவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஒருவன் லுங்கியைச் சரிசெய்துகொண்டான், ஒருவன் கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தான். பிறந்தநாள் பையன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. பெரிய காயம் எதுவும் இல்லை, ஒரு வாரம் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தான். டிசம்பரில் இன்னொருவன் பிறந்தநாளுக்கு எண்ணிக்கையை ஆரம்பித்து வைத்தது இதே பையன். அந்தத் தடவை நான் படியில் நிற்கவில்லை, மூன்றோடு முடிந்தது.

ஆனால் சொல்ல வந்தது இதுவல்ல. மறுநாள் காலை 6 மணிக்கு, பி.டி.க்கு விசில் ஊதுவதற்கு முன்னால், என் அறை வாசலில் ஒருவன் நிற்கிறான். கொங்கு நாட்டுப் பையன், ரொம்ப அமைதி. நான் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. “சார், அவன் அழுதது எனக்குக் கேக்கவே இல்லைங்க சார். நான் காலைத்தானுங்க புடிச்சிருந்தேன்” என்றான். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றான். அந்த வருஷம் நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி நடத்தப் போனபோதுதான் அது எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இடி மின்னல், பன்றிக்கறி விருந்து, வட்டமாக ஆட்டம், பாட்டு. மலைமேல் ஒரு பூதம் இருக்கிறது என்று பையன்கள் பயந்துகொண்டிருப்பார்கள். அங்கே இருப்பது பூதமில்லை, பாராசூட்டில் தொங்குகிற ஒரு செத்த மனிதன் என்று சொல்ல ஓடி வருகிற சைமனையே பூதம் என்று எல்லோரும் சேர்ந்து கிழித்துப்போடுகிறார்கள். அந்த வட்டத்தில் ரால்ஃபும் இருக்கிறான், பிக்கியும் இருக்கிறான். அந்த இருட்டில், இடியில், அவர்களுக்கும் அதில் ஓர் இடம் வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் பிக்கி என்ன சொல்கிறான்? அது விபத்து, நாம் வட்டத்துக்கு வெளியே இருந்தோம். கூட்டத்தில் இருந்த இரட்டைப் பிறவிகள் இருவர், நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம் என்கிறார்கள். ரால்ஃப் ஒருவன்தான் அதைக் கொலை என்று பெயர் சொல்லி அழைக்கிறான். இதில் வெகுளித்தனத்தை இழந்தவன் யார் என்று வகுப்பில் கேட்பேன். எல்லோரும் ஜாக் என்பார்கள். யோசித்துப் பாருங்கள், ஜாக் ஒன்றையும் இழக்கவில்லை, அவனுக்கு எல்லாம் இன்னும் விளையாட்டுத்தான், அதனால்தான் அவன் அத்தனை ஆபத்தானவன். இழந்தவன் ரால்ஃப். கடைசிப் பக்கத்தில் கரையில் நின்று அழுகிறவனும் அவன்தான்.

வெகுளி என்ற சொல்லையே பாருங்களேன். இன்றைக்கு வெகுளி என்றால் ஒன்றும் தெரியாத அப்பாவி. வள்ளுவரிடம் போனால் வெகுளி என்பது கோபம். கோபப்படாமல் இருப்பதற்கு வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒரே சொல் எப்படி அங்கிருந்து இங்கு வந்தது என்பதை மொழியறிஞர்கள்தான் விளக்க வேண்டும், நான் அதன்மேல் கோட்டை கட்டமாட்டேன். ஆனால் எட்டாம் வகுப்பு டார்மில் 11 வருஷம் இருந்தவனுக்கு இரண்டு அர்த்தமும் ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கும் என்பதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளைகளின் வெகுளித்தனம் என்று நாம் கொஞ்சுவதில் பாதி, தன் கை என்ன செய்யும் என்று அந்தக் கைக்கு இன்னும் தெரியாமல் இருப்பதுதான்.

இனி, இது உண்மையா என்ற கேள்வி. நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1965இல் டோங்கா நாட்டில் உறைவிடப் பள்ளிப் பையன்கள் ஆறு பேர் ஒரு படகைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், புயலில் சிக்கி, அட்டா என்கிற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் அவர்களைக் கண்டுபிடித்தபோது ஆறு பேரும் உயிரோடு, ஆரோக்கியமாக, நண்பர்களாக இருந்தார்கள். முறைபோட்டு வேலை செய்திருக்கிறார்கள், மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை, சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் ஆறியபிறகு திரும்பி வருவது என்று வழக்கம் வைத்திருந்தார்கள், கால் ஒடிந்தவனுக்குக் கட்டுப் போட்டுக் குணப்படுத்தியிருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் படகுத் திருட்டு என்று அவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள் என்பது தனிக் கூத்து, அதைச் செய்தவர்கள் பெரியவர்கள். உங்கள் மகனுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ‘பார்த்தாயா, கோல்டிங் பொய்’ என்று முடித்துவிடாதீர்கள். அவர்கள் ஆறே பேர், முன்பே கூட்டாளிகள், சேர்ந்து ஜபம் பண்ணிப் பழகியவர்கள், எல்லோரும் வளர்ந்த பையன்கள். நாவலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத கூட்டம், அதில் பாதி மூக்கொழுகும் குழந்தைகள். ஒரு நிஜச் சம்பவம் இப்படியும் நடக்கும் என்று காட்டும், இப்படித்தான் நடக்கும் என்று காட்டாது.

மறுபக்கம் ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதிலும் கவனமாக இருக்க வேண்டும். நாவல் வந்த அதே 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 11 வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு அணியாகப் பிரித்து முகாமில் வைத்தார். போட்டி, பரிசு என்று ஏற்றிவிட, கொடியை எரிப்பது, எதிர் அணியின் குடிசையில் புகுந்து கலைப்பது வரை போனது. பார்த்தீர்களா, மனித சுபாவம் என்று பலர் இதை மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முந்தின வருஷம் அவரே செய்த இன்னொரு முகாமில் பையன்கள் எதிரிகளாக மறுத்துவிட்டதால் அதைப் பாதியில் நிறுத்தினார் என்பதைச் சொல்லமாட்டார்கள். இரண்டு முகாமிலும் பெரியவர்கள் இருந்தார்கள், கண்காணிப்பாளர் வேஷத்தில். கோல்டிங்கின் கருத்தில் எனக்குப் பாதி சம்மதம் என்றது இதனால்தான். சுபாவம் பாதி என்றால், யார் அணி பிரித்தது, யார் பரிசு வைத்தது என்பது மீதிப் பாதி. அந்த நாவலே கவனமாகப் படித்தால் உங்கள் பையனின் கேள்வியை ஏற்றுக்கொள்ளாது. ‘பெரியவங்க இல்லைன்னா’ என்கிறான். பெரியவர்கள் எங்கே போனார்கள்? வெளியே அணுகுண்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காப்பாற்ற வந்த அதிகாரி, பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கலாமே என்கிற தோரணையில் பேசிவிட்டு, பார்வையைத் திருப்பித் தன் போர்க்கப்பலைப் பார்க்கிறார். அவரை யார் வந்து கூட்டிப்போவது?

‘காட்டுமிராண்டி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை, மலையில் இருந்தவன் என்ற உரிமையில். ஜாக் ஆரம்பத்தில், நாம் ஒன்றும் காட்டுமிராண்டிகள் இல்லை, ஆங்கிலேயர்கள் என்று மார்தட்டுவான். ஆங்கிலக் கதைகளில் பழி எப்போதும் காட்டின்மேல் விழும். 1899இல் கான்ராட் எழுதிய ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ கதையில் யானைத் தந்த வியாபாரத்துக்குக் காங்கோ போன வெள்ளைக்காரன் உள்ளுக்குள் அழுகிப்போவதற்குக் காடு பின்னணி. ஆப்பிரிக்கர்களை மேடைச் சாமானாக வைத்துவிட்டார் என்று 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே போட்டுத் தாக்கினார், அந்த அடி தேவைதான். ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள், ஊர்க்கவுண்டர் இல்லாமல் ஒரு கல்யாணம் பேசமாட்டார்கள், ஒரு பண்டிகை தொடங்காது. காட்டில் வாழ்கிறவர்களிடம் கட்டுப்பாடு இருக்கிறது. நான் சொன்ன டார்ம் கூத்து நடந்தது கான்கிரீட் சுவருக்குள், நன்றாகச் சீருடை போடுகிற பிள்ளைகளிடம்.

தமிழில் இப்படி இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது, என்னைக் கேட்டால் இன்னும் கூர்மையாக. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் சந்திரசேகரன் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த கல்லூரிப் பையன், 1947-48 காலத்துச் செகந்தராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்கிறவன். சுற்றிலும் நிஜாம் பக்கம் நின்ற ரஜாக்கர் படை, கலவரம், ஊரடங்கு. அவன் யாரையும் கொல்வதில்லை. கடைசியில் கலவரத்துக்கு நடுவே ஓடித் தப்பிக்கிற அவசரத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறான். உள்ளே ஒரு குடும்பம் நடுங்குகிறது. ஒல்லியான ஒரு சின்னப் பெண், வீட்டாரை விட்டுவிடச் சொல்லி, அவன் முன்னால் தன் உடையைக் களைகிறாள். அவன் ஒன்றும் செய்யவில்லை, செய்ய நினைக்கவும் இல்லை. ஆனால் அவள் கண்ணில் அவன்தான் மிருகம். அருவருப்பில் அங்கிருந்து ஓடுகிறான். கோல்டிங்குக்கு ஒரு தீவும் பன்றித்தலையும் இரண்டு கொலையும் தேவைப்பட்ட இடத்தை அசோகமித்திரன் ஒரு பக்கத்தில் கடந்துவிடுகிறார். நம்ம பக்கத்து மண்ணிலேயே வேண்டுமென்றால் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ இருக்கிறது, பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளின் கதை. அங்கே பிள்ளைகளுக்கு நடுவே சாதி ஏற்கெனவே கோடு போட்டுவிட்டுத்தான் விளையாட விடுகிறது. முடிவைச் சொல்லமாட்டேன். பையனுக்கு இப்போதே கொடுக்காதீர்கள், முதலில் நீங்கள் படியுங்கள்.

இன்னும் பழையது ஒன்று, எட்டே அடி. புறநானூறு 46. கிள்ளிவளவன் என்ற சோழன், தன் பகைவனான மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். கோவூர் கிழார் என்ற புலவர் போய் நிற்கிறார். கொலை பாவம் என்றெல்லாம் பேசவில்லை. நீ யாருடைய மரபு, இவர்கள் யாருடைய மரபு என்று இரண்டிரண்டு வரியில் சொல்லிவிட்டு, அரசனின் முகத்தை அந்தப் பிள்ளைகள் பக்கம் திருப்புகிறார்: ‘களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்றலைச் சிறாஅர்’. அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்களாம். தங்களை மிதிக்க வந்த யானை என்று அவர்களுக்குத் தெரியாது, அது வேடிக்கை. புது இடம், மிரட்சியோடு மன்றத்தைப் பார்க்கிறார்கள். ‘கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே’, கேட்டாய் அல்லவா, இனி உன் இஷ்டம் என்று முடித்துவிடுகிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. இங்கே வெகுளித்தனமும் வெறியும் பத்தடி தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் ஒரு புலவர் டார்ச் அடித்த மாதிரி.

படிக்க விடலாமா என்றால், அவன்தான் படித்து முடித்துவிட்டானே, இனி என்ன. எட்டாம் வகுப்புக்கு நான் அதை நடத்தமாட்டேன், பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துவேன். ‘அதெல்லாம் கதைடா’ என்பதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆமாம் எல்லோரும் அப்படித்தான் என்றும் சொல்லாதீர்கள், அது அதைவிட மோசமான பொய். ரால்ஃபும் பிக்கியும் நல்ல பையன்கள்தானே, அவர்கள் ஏன் அந்த வட்டத்துக்குள் போனார்கள் என்று அவனிடமே கேளுங்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் படியில் நின்ற ஐந்து எண்ணிக்கை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், அப்பா வாயிலிருந்து வந்தால் அதற்குத் தனி மதிப்பு.

அப்புறம் அந்த நாலாவது கேள்வி. “உங்க டார்மில் பம்ப்ஸ் எல்லாம் உண்டா” என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், எந்தப் பையனும் சொல்லமாட்டான். கடைசியாக யாருக்குப் பிறந்தநாள் வந்தது, அவன் பெயர் என்ன, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் வாயே திறக்கமாட்டான். சாயங்காலமாக வெளியே கூட்டிக்கொண்டு போய், ஒரு தட்டுவடை செட்டு வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது செட்டில் பேச ஆரம்பிப்பான்.